எலிக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வகங்களின் நெடுநாள் சிக்கல்

கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய வகைத் திசு வெளியே திட்டுத்திட்டாக வளரும் நோயான எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ரோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன முரண் ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தால் சினைப்பையில் கட்டி இருக்கும், குடலும் கருப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவர் மருத்துவமனைக்கு வந்ததோ குழந்தை தரிக்கவில்லை என்பதற்காக. வலியைப் பற்றிக் கேட்டால்தான் யோசித்துச் சொல்வார். இன்னொரு பெண்ணுக்கு அங்கங்கே சில சிறு புள்ளிகள் மட்டுமே தென்படும். ஆனால் மாதத்தில் பல நாள் அவரால் எழுந்து நடமாட முடியாது. நோயின் பரவலை வைத்து அதை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை பல காலமாக வழக்கத்தில் இருக்கிறது. அந்த நிலைக்கும் வலியின் கடுமைக்கும் பெரிதாகப் பொருத்தம் இல்லை என்பதும் பல காலமாகத் தெரிந்ததே.

இது தெரிந்திருந்தும், விலங்குகளை வைத்து இந்த நோயை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் அளந்தது திட்டுகளின் அளவைத்தான். எலியின் வயிற்றில் எத்தனை திட்டு, எத்தனை மில்லிமீட்டர், மருந்து கொடுத்த பின் எவ்வளவு சுருங்கியது என்று கணக்கெடுத்தார்கள். சுருங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அந்த எலிக்கு வலி குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது கடினம் என்பது ஒரு காரணம். திட்டு போனால் வலியும் தானாகப் போய்விடும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்தது.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, அடிவயிற்றின் உள்ளுறையிலும் சினைப்பையிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி மாதவிடாயோடு மட்டும் வருவதில்லை. உடலுறவின்போதும், மலம் கழிக்கும்போதும், சிறுநீர் கழிக்கும்போதும் வரலாம். சிலருக்கு எந்த நேரமும் இருந்துகொண்டே இருக்கலாம். இப்போதுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை ஹார்மோனை அடக்கி வேலை செய்பவை. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலகோலிக்ஸும் இந்த வகைதான். கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு இந்த வழியே அடைபட்டுவிடுகிறது. ஹார்மோனைத் தொடாமல் வலியை மட்டும் தணிக்க வேண்டுமென்றால், வலி எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் பயணிக்கிறது என்று தெரிய வேண்டும். நோயாளியின் தண்டுவடத்தையோ மூளையையோ வெட்டிப் பார்க்க முடியாது. அங்கேதான் விலங்கு வருகிறது.

வந்ததும் முதல் தடங்கல்: ஆய்வகத்தில் எளிதாகக் கிடைக்கும் விலங்குகளுக்கு மாதவிடாயே கிடையாது.

மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுகிறது, அதிலுள்ள திசு அங்கேயே வேர்பிடிக்கிறது என்ற விளக்கத்தை ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1927-ல் முன்வைத்தார். இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் அதுதான். கருக்குழாய் அடைபடாத பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படி இரத்தம் பின்னோக்கிப் போகிறது; நோய் வருவதோ சிலருக்கு மட்டும். ஆக அந்த விளக்கம் கதையின் பாதிதான். இருந்தாலும் மாதவிடாய் இல்லாத உயிரினத்தில் இந்த நோய் தானாக வராது என்பதை அது சொல்லிவிடுகிறது. மனிதர்கள், வாலில்லாக் குரங்குகள், ஆப்பிரிக்க, ஆசியக் குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு என்று மாதவிடாய் உள்ள பாலூட்டிகளின் பட்டியல் மிகச் சிறியது. முதுகில் முள்போன்ற மயிர் கொண்ட ஒரு சுண்டெலி இனத்துக்கும் மாதவிடாய் உண்டு என்று ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள். அதன் சுழற்சி சுமார் 9 நாள். கொறிக்கும் விலங்குகளில் இப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பபூன், ரீசஸ் குரங்கு இவற்றுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இயல்பாகவே வருகிறது. திட்டுகளின் தோற்றமும் பரவும் இடமும் மனிதர்களுடையதை ஒத்தவை. அப்படியிருந்தும் வலி ஆய்வுக்குக் குரங்குகள் அதிகம் பயன்படுவதில்லை. செலவும் அறநெறிக் கேள்விகளும் பெரிது. நோய் தானாக வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதாததற்கு, குரங்கு தன் வலியை ஆட்கள் முன் காட்டிக்கொள்ளாத பிராணி. ஆகவே எலிக்கும் சுண்டெலிக்கும் திரும்ப வேண்டியிருக்கிறது, நோயைச் செயற்கையாக உண்டாக்கி.

அப்படி உண்டாக்கும் முறைகளில் நெடுநாள் புழங்கியது 1985-ல் வெர்னன், வில்சன் என்ற இருவர் எலியில் விவரித்த அறுவை முறை. எலியின் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும். அதில் ஒன்றிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, அதே எலியின் சிறுகுடலுக்குப் போகும் இரத்தக் குழாய்களின் மேல் தைத்துவிடுவார்கள். சில வாரங்களில் அவை நீர்கோத்த கட்டிகளாக வளரும். சுண்டெலிகளில் இன்னும் எளிய வழி உண்டு: ஒரு சுண்டெலியின் கருப்பைத் திசுவைப் பொடியாக நறுக்கி, அதே மரபுவழியைச் சேர்ந்த இன்னொன்றின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்துவது. பெண்களிடமிருந்து எடுத்த திசுவையே சுண்டெலிக்குள் வைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கு நோய் எதிர்ப்பு மண்டலம் முடக்கப்பட்ட சுண்டெலி வேண்டும். இல்லாவிட்டால் அது அந்நியத் திசுவை அழித்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் வலியில் எதிர்ப்பு செல்களுக்கே பெரும் பங்கு இருக்கும்போது, அவை இல்லாத விலங்கில் அந்த வலியை ஆராய்வது எப்படிப் பொருந்தும்?

எடின்பரோவில் எரின் கிரீவ்ஸும் ஃபிலிப்பா சாண்டர்ஸும் அவர்கள் குழுவினரும் 2014-ல் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஹார்மோன்களைக் கொடுத்து, பிறகு புரோஜெஸ்டிரோனைச் சட்டென நிறுத்தி, சுண்டெலிக்கு மாதவிடாய் போன்ற ஒன்றை வரவழைத்தார்கள். அப்படி உதிர்ந்த திசுவை மற்ற சுண்டெலிகளின் வயிற்றில் செலுத்தினார்கள். சாம்ப்சன் சொன்னதற்கு மிக அருகில் வரும் சுண்டெலி முறை இதுதான். இந்தக் குழுவின் பின்னாளைய ஆய்வுகளில், திட்டுகளுக்குள் குவியும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்கள் நரம்பை வளரச்செய்யும் பொருளைச் சுரந்து, வலி நரம்புகளைக் கூர்மையாக்குவதும் தெரியவந்தது.

வலியை நேரடியாகக் கேட்ட முதல் பெரிய முயற்சி இதற்கெல்லாம் முன்னால், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரன் பெர்க்லியின் ஆய்வகத்தில் நடந்தது. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

எலியின் யோனிக்குள் சிறிய பலூன் ஒன்றை வைத்து வெவ்வேறு அளவுகளில் ஊதுவார்கள். எலி இருக்கும் கூண்டின் ஒரு முனையில் குழாய் போன்ற திறப்பு உண்டு. அதன் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை. எலி தலையை நீட்டி அந்த ஒளியை மறித்தால் பலூன் உடனே சுருங்கிவிடும். இதை எலிக்கு முன்கூட்டியே பழக்கியிருப்பார்கள். ஆக, எவ்வளவு ஊதினால் எலி "போதும், நிறுத்து" என்கிறது என்பது எண்ணாகக் கிடைக்கும். அனிச்சையாகக் காலை இழுத்துக்கொள்வதைப் போன்றதல்ல இது. எலி எடுக்கும் முடிவு. பொறுக்க முடியாத அளவை அதுவே குறிப்பிடுகிறது. அதோடு, தாங்க முடியாதபோது நிறுத்திக்கொள்ளும் வசதியும் அதன் கையிலேயே இருக்கிறது. வலி ஆய்வில் இது சின்ன விஷயமல்ல.

அறுவைக்கு முன்னும் பின்னும் அதே எலிகளைச் சோதித்தார்கள். ஒப்பீட்டுக்காக வேறு சில எலிகளுக்குக் கருப்பைத் துண்டுக்குப் பதில் கொழுப்புத் துண்டைத் தைத்தார்கள். அறுவை ஒன்றே, தைத்த இடமும் ஒன்றே, தைத்த பொருள் மட்டும் வேறு. கருப்பைத் துண்டு வைத்த எலிகள் முன்பு பொறுத்துக்கொண்ட அளவிலேயே தலையை நீட்டத் தொடங்கின. கொழுப்பு வைத்தவை அப்படி மாறவில்லை.

வியப்பு என்னவென்றால், கட்டிகள் இருப்பது குடலின் அருகே, மேல்வயிற்றின் பக்கம். யோனியில் ஒன்றுமே இல்லை. இரண்டு இடங்களின் நரம்புகளும் தண்டுவடத்தின் வெவ்வேறு மட்டங்களில் போய்ச் சேர்கின்றன. அப்படியும் யோனி வலிக்கிறது என்றால், கட்டியிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று தண்டுவடத்துக்குள் பரவி, வேறு உறுப்பிலிருந்து வரும் சேதிகளையும் பெரிதாக்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும். மைய நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. எலியின் சுழற்சி 4 முதல் 5 நாள். அதில் ஈஸ்ட்ரோஜன் உச்சம் தொடும் கட்டத்தில்தான் இந்த மிகைவலி மோசமாக இருந்தது. 2004-ல் இதே குழு அந்தக் கட்டிகளுக்குள் உணர்வு நரம்பிழைகளும் (உடலின் தன்னியக்க வேலைகளைச் சேர்ந்த) பரிவு நரம்பிழைகளும் புதிதாக முளைத்திருப்பதைக் காட்டியது. பெண்களின் திட்டுகளிலும் இத்தகைய நரம்பிழைகள் காணப்படுகின்றன. திட்டு என்பது வயிற்றுக்குள் ஒட்டிக்கிடக்கும் வெறும் திசு அல்ல, நரம்பு மண்டலத்தோடு கம்பி இழுத்துக்கொண்ட ஒன்று என்ற பார்வை இங்கேதான் உறுதிப்பட்டது.

இத்தாலியில் மரியா அடேலே ஜாம்பெரார்டினோ இதை இன்னொரு பக்கம் நீட்டிப் பார்த்தார். எண்டோமெட்ரியோசிஸ் உண்டாக்கிய எலிகளுக்குச் சிறுநீர்க்குழாயில் கல்லும் உண்டாக்கியபோது, கல்லால் வரும் வலி நடத்தைகள் கல் மட்டும் உள்ள எலிகளைவிடக் கூடுதலாக இருந்தன. உடலுறவில் வலி, சிறுநீர்ப்பை எரிச்சல், குடல் கோளாறு என்று ஒரே பெண் மூன்று துறை மருத்துவர்களிடம் அலைவதற்கு உடலியல் காரணம் உண்டு என்பதை இந்த எலிகள் காட்டின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜோயல் காஸ்ட்ரோவும் ஸ்டூவர்ட் பிரையர்லியும் 2021-ல் வெளியிட்ட சுண்டெலி ஆய்விலும் யோனி, பெருங்குடல், சிறுநீர்ப்பை, தோல் ஆகிய நான்கும் கூர்மையானது பதிவாகியிருக்கிறது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எண்ணற்றவர்கள். சுண்டெலியிடம் யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

பெர்க்லியின் முறை ஏன் எல்லா ஆய்வகத்திலும் இல்லை? எலியைப் பழக்க வாரக்கணக்கில் ஆகும். நல்ல பொறுமை வேண்டும். பெரும்பாலோர் கையில் எடுப்பது ஃபான் ஃப்ரே இழையைத்தான். மாக்சிமிலியான் ஃபான் ஃப்ரே 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மயிரிழைகளைக் கொண்டு தொடுவுணர்வை அளந்தார். இப்போது நைலான் இழை. கம்பிவலைத் தளத்தின் மேல் சுண்டெலியை விட்டு, கீழிருந்து அதன் பாதத்திலோ அடிவயிற்றிலோ இழையை அழுத்துவார்கள். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில்தான் வளையும். எந்த இழைக்குச் சுண்டெலி துள்ளுகிறதோ அதுவே அதன் வரம்பு. வேகமான, மலிவான முறை. ஆனால் எந்தப் பெண்ணும் "யாராவது என் வயிற்றில் நைலான் நூலால் குத்தினால் வலிக்கிறது" என்று மருத்துவரிடம் போவதில்லை. தானாக எழும் வலி, நாள் முழுக்க அடங்காத வலி, அதுதான் அவர்களுடைய குறை.

அதைப் பிடிக்கச் சில வழிகள் வந்துவிட்டன. அடிவயிற்றைத் திரும்பத் திரும்ப நக்குவது, வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுப்பது போன்றவற்றை வீடியோவில் எண்ணுகிறார்கள். 2010-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு சுண்டெலியின் முகச்சுளிப்பை மதிப்பெண்ணாக மாற்றும் அளவுகோலை உருவாக்கியது. இடுங்கிய கண், உப்பிய கன்னம், பின்னால் மடிந்த காது என்று படத்தைப் பார்த்துக் கணக்கிடலாம். வலிநிவாரணி கிடைத்த அறையையே சுண்டெலி பிறகு தேடிப் போகிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி. வலி இல்லாத சுண்டெலிக்கு அந்த அறையில் தனி ஈர்ப்பு இருக்காது. இதே மோகில் குழு 2014-ல் இன்னொன்றையும் கண்டது: சோதனை செய்பவர் ஆணாக இருந்தால், அந்த வாடைக்கே சுண்டெலி மிரண்டு, வலியைக் குறைவாகக் காட்டுகிறது. ஆண் அணிந்த சட்டையை அருகில் வைத்தாலே போதும். உலகெங்கும் எத்தனை பழைய அட்டவணைகளை இது ஆட்டங்காண வைத்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

ஆண் சங்கதி அதோடு முடியவில்லை. வலி ஆய்வுக்கான முதன்மை இதழ் ஒன்றில் பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளை மோகில் 2005-ல் எண்ணிப் பார்த்தபோது, 79 சதவீதத்தில் ஆண் விலங்குகள் மட்டுமே இருந்தன. எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வில் பெண் விலங்குதான் இருக்க முடியும். ஆகவே இந்தக் குறை இங்கே இல்லை என்று தோன்றும். ஆனால் தண்டுவடத்தில் வலி எப்படி நிலைபெறுகிறது என்ற அடிப்படை அறிவு பெரும்பாலும் ஆண் விலங்குகளிடமிருந்து கடன் வாங்கியது. மைக்ரோக்லியா என்ற, நரம்பு மண்டலத்துக்கே உரிய எதிர்ப்பு செல்களே அதற்குக் காரணம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2015-ல் வந்த ஆய்வு, பெண் சுண்டெலிகளில் அந்த வேலையை வேறு எதிர்ப்பு செல்கள் செய்வதாகக் காட்டியது.

இந்தப் பின்னணியில் இரண்டு மருந்துகளின் கதையைப் பார்க்கலாம். ரலோக்சிஃபீன் எலிகளில் திட்டுகளைச் சுருக்கியது. அமெரிக்காவில் அறுவை மூலம் திட்டுகளை அகற்றிய 93 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே வலி திரும்பியது; சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். 2008-ல் வெளியான அந்த முடிவுகளில் இன்னொரு வரி உண்டு: இரண்டாம் முறை லேப்ரோஸ்கோப்பி செய்து பார்த்தபோது, திட்டு திரும்ப வந்திருப்பதற்கும் வலி திரும்ப வந்திருப்பதற்கும் தொடர்பே தென்படவில்லை. அதே ஆண்டில் வந்த இன்னொரு முடிவு இன்ஃபிளிக்சிமாப் பற்றியது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுத்தால் பபூன்களில் நோய் தணிந்தது. ஆழமாக ஊடுருவிய நோயுள்ள 21 பெண்களிடம் அந்தப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாபைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் வலி ஒரே அளவில், சுமார் 30 சதவீதம், குறைந்தது. பபூன் ஆய்வைப் பொய் என்று சொல்ல முடியாது. அதனிடம் கேட்கப்பட்டது திட்டைப் பற்றிய கேள்வி. பதிலும் திட்டைப் பற்றித்தான் வந்தது.

அண்மைக் காலத்தில் வரிசை மாறியிருக்கிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மைக்கேல் ராஜர்ஸ் குழு 2020-ல் ஒரு சுண்டெலி முறையை வெளியிட்டபோது, முதலில் பெண்களுக்கு ஏற்கெனவே பலன் தருபவை என்று தெரிந்த மருந்துகளைக் கொடுத்து, சுண்டெலியின் வலி நடத்தையும் குறைகிறதா என்று சரிபார்த்துக்கொண்டது. தெரிந்த விடையைத் தராத தராசில் தெரியாததை நிறுத்துப் பயனில்லை. 2024-ல் அதே குழு சிஜிஆர்பி என்ற நரம்புப் பொருளைப் பின்தொடர்ந்தது. வலி நரம்பு இதைச் சுரக்கிறது, மேக்ரோஃபேஜ் ஏற்கிறது, அதனால் திட்டும் வளர்கிறது, வலியும் வளர்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே விற்பனையிலுள்ள சிஜிஆர்பி தடுப்பு மருந்துகள் சுண்டெலிகளில் இரண்டையும் குறைத்தன.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் கூட்டாளிகளும் 2021-ல் எடுத்த வழி இதைவிட எனக்குப் பிடித்தது, ஏனெனில் அது பெண்களிடமிருந்து தொடங்கியது. எண்டோமெட்ரியோசிஸ் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களின் மரபணுக்களை அலசியபோது என்பிஎஸ்ஆர்1 என்ற மரபணு சிக்கியது. நோய் இயல்பாகவே வரும் ரீசஸ் குரங்குகளின் வம்சாவளியிலும் மரபணுவின் அதே பகுதி மேலெழுந்தது. அதன் பிறகுதான் சுண்டெலிக்குப் போனார்கள். அந்த மரபணு உருவாக்கும் ஏற்பியைத் தடுக்கும் பொருளைக் கொடுத்ததும் அழற்சியும் வயிற்று வலியும் குறைந்தன. மனிதர், குரங்கு, சுண்டெலி என்று ஒவ்வோர் உயிரினத்திடமும் அதனால் சொல்ல முடிந்ததை மட்டும் கேட்டார்கள்.

இந்த விலங்குகள் உண்மையிலேயே வலியை அனுபவிக்கின்றன என்பதுதான் ஆய்வு பயன்படுவதற்கும் அது உறுத்துவதற்கும் ஒரே காரணம். வாய்விட்டுச் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது, மனிதருக்கும் சரி, விலங்குக்கும் சரி என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே சேர்த்திருக்கிறது. மாற்று வழியைத் தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் வகுத்த நெறிகள் இங்கே இடறுகின்றன: வலி ஆய்வில் வலிநிவாரணி கொடுத்தால் ஆய்வே இல்லை. அதனால் ஒரு விலங்கிடமிருந்து கூடுதல் தகவல் பெறுவது, ஊசி முறையை விரும்பி அறுவையைத் தவிர்ப்பது, தானே நிறுத்திக்கொள்ளும் வசதியுள்ள சோதனைகளை நாடுவது என்று போக வேண்டியிருக்கிறது. திட்டை மட்டும் அளந்துவிட்டு வலியைப் பற்றி முடிவுரை எழுதும் ஆய்வுக்கு விலங்கைப் பலியிடுவதை எந்த நெறிக்குழுவும் இனி அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து.

தீராத கணக்கு ஒன்று காலத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் சுண்டெலிக்கு நோய் வந்து சில வாரங்களே ஆகியிருக்கும். அதுவும் இளம், ஆரோக்கியமான, ஒரே மரபுவழிச் சுண்டெலி. பெண்களுக்கு நோய் என்னவென்று தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன. யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் நோயுள்ள சுண்டெலிகளின் மூளையில் அச்சத்தோடும் வலியோடும் தொடர்புள்ள பகுதிகளில் மரபணுச் செயல்பாடு மாறியிருப்பதைக் கண்டார்கள். அவை பதற்ற நடத்தையும் காட்டின. குறுகிய காலத்துக்கே இவ்வளவு மாற்றம் என்றால், பத்தாண்டு வலிக்குப் பிறகு மூளை எப்படி இருக்கும், திட்டை வெட்டியெடுத்த பின்னும் சிலருக்கு ஏன் வலி ஓயவில்லை என்ற கேள்விகளுக்கு, சில வாரச் சுண்டெலியிடம் விடை கிடைக்காது. கட்டியை நீண்ட காலம் வளரவிட்டு, பிறகு அறுவையால் அகற்றி, அதன் பின்னும் அந்த எலி எந்த அளவில் தலையை நீட்டுகிறது என்று மாதக்கணக்கில் பார்க்கும் ஆய்வு வேண்டும். செலவு அதிகம், முடிவு வரத் தாமதமாகும், ஆய்வுநிதி தருபவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ரலோக்சிஃபீன் சோதனையில் வலி திரும்பிய பெண்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுதான்.